சொர்ணத்தின் தலை எட்டும் வரை

என் வலது கை மறுபடியும் மேலே போனதற்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் மூன்று பேர். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி கொடுத்த மிஸ் லிம் ஒருவர். சைனாடவுனில் தோளில் ஊசி குத்தி, அந்த ஊசியில் கரண்ட் விட்ட அவருடைய மாமா இன்னொருவர். மூன்றாவது ஆள் என் நாத்தனார் சொர்ணம். முதல் இருவரும் கையைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கையைத் தூக்கியே தீர வேண்டும் என்ற வெறியைக் கொடுத்தவள் அவள்தான். தோள் வலி என்று என்னைத் தேடி வருகிற பெண்களுக்கு ஊசியைப் பற்றி மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறேன். மீதியையும் எழுதிவிட்டால் எனக்கும் மனசு ஆறும்.

சொர்ணம் என் வீட்டுக்காரரின் அக்கா. நேரில் அண்ணி, வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். எழுதும்போது அவ்வளவு மரியாதை எனக்கு வராது.

சிங்கப்பூர் தனி நாடாகி ஓரிரு வருடம் ஆகியிருந்தது. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். நான், அவர், பின்னறையில் என் கொழுந்தன் மணியம். துணி காயப்போட வேண்டுமென்றால் ஈரத் துணியை மூங்கில் கழியில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்ட வேண்டும். ஒரு நாள் அப்படிக் கழியைத் தூக்கியபோது தோளுக்குள் கத்தியைச் செருகித் திருப்பிய மாதிரி ஒரு வலி. கழி கீழே தெருவில் விழுந்தது. கீழ்வீட்டு மைமூன் அக்கா துணிகளைப் பொறுக்கிக்கொண்டு மேலே வந்து, "என்ன பாக்கியம், நல்ல வேளை, யார் தலையிலயும் விழல" என்றார்.

சுளுக்கு என்று நினைத்துத் தைலம் தேய்த்தேன். எரிச்சல்தான் மிச்சம். போகப் போகக் கை ஒவ்வொரு வேலைக்கும் மாட்டேன் என்றது. மேல் அலமாரி டப்பா எட்டவில்லை. ரவிக்கைக்குள் கையை நுழைப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுக்க முடியாது. கடைசியில் தலை பின்ன முடியாமல் போனது.

என் முடி இடுப்புக்குக் கீழே வரும். பெருமையடிக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அடர்த்தி, கறுப்பு, நுனியில் மட்டும் கொஞ்சம் செம்பட்டை. ஒற்றைக் கையால் அதை என்ன செய்வது? சிக்குப் பிடித்த முடியோடு ஒரு நாள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டு, "திரும்பு" என்றார். பலசரக்குக் கடையில் மூட்டை தைக்கிற கை அவருடையது. முதல் பின்னல் கயிறு திரித்த மாதிரி வந்தது.

"அய்யோ, மெதுவா இழுங்க!"

"பேசாம இரு. புரி மாறிப் போகுது."

தினமும் காலையில் பின்னிவிட்டுத்தான் கடைக்குப் போனார். சில வாரங்களில் என்னைவிட நன்றாகவே பின்னினார். "யார்கிட்டயும் சொல்லிடாத. கடையில தெரிஞ்சா என் மானம் போயிரும்" என்பார். நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை சொர்ணம் புக்கிட் மேராவிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தள்ளினாள். நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் பின்னால் சீப்போடு உட்கார்ந்திருக்கிறார்.

"தூ! என்னடா கண்றாவி இது? ஆம்பளை பொண்டாட்டிக்குத் தலை பின்றதா?"

"அவளுக்குக் கை வலி, அக்கா" என்றார் இவர்.

"கை வலியாம் கை வலி! நானெல்லாம் பிள்ளை பெத்து எந்திரிச்சதுமே கழி தூக்கினவ. நடிக்கிறாடா இவ. நல்லா நடிக்கிறா. உன்னை வேலைக்காரன் ஆக்கிட்டா, நீயும் ஆயிட்ட."

அவர் சீப்பைக் கீழே வைத்தார். அக்காவுக்கு ஒரு பதில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து கதவைச் சாத்துவதோடு தாழ்ப்பாளும் போட்டார், அவ்வளவுதான். சொர்ணமோ சொந்தக்காரர் வீடு ஒன்று விடாமல் போய், பாக்கியம் சோம்பேறித்தனத்துக்கு நோய் என்று பேர் வைத்திருக்கிறாள் என்று சொல்லி வைத்தாள். கோயிலில் பார்க்கிற பெண்கள் எல்லாம் என் முகத்தை விட்டுவிட்டு என் கையைப் பார்த்தார்கள்.

மைமூன் அக்காதான் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். நீள பெஞ்சில் காத்திருந்து காத்திருந்து இடுப்பும் சேர்ந்து வலித்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஒரு நீல மருந்தைக் கலந்து சூடு காட்டினார்கள். நீலமாகவே இருந்தால் நல்லது. என்னுடையது செங்கல் நிறத்துக்கு வந்தது. எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

டாக்டர் சொன்னதைத் தமிழ் நர்ஸ் ஒருத்தி எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். தோள்மூட்டைச் சுற்றி ஒரு பை மாதிரி உறை இருக்கிறதாம். அது வீங்கி, சுருங்கி, எலும்போடு ஒட்டிக்கொண்டால் கை பூட்டிக்கொள்ளும். உறைந்த தோள் என்று அதற்குப் பேர். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். எலும்பில் ஒன்றும் இல்லை, அதனால் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாது. இந்தக் கடைசி வாக்கியம் எப்படியோ சொர்ணத்தின் காதுக்குப் போய்விட்டது. "பாத்தியா, படம் புடிச்சே பாத்துட்டாங்க. ஒண்ணுமில்லையாம்!" என்று அதையும் ஊர் முழுக்கச் சொன்னாள்.

முதலில் சர்க்கரையைக் குறைக்க வேண்டும், பிறகு மயக்க மருந்து கொடுத்துக் கையை இழுத்து அந்த ஒட்டை விடுவிக்க வேண்டும் என்று வார்டில் சேர்த்தார்கள். கத்தி வைக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் பயம் விடவில்லை. மயங்கினவள் எழுந்திருக்காமலே போய்விட்டால்? வார்டுச் செலவை நினைத்தாலும் பகீர் என்றது. "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றார் என் வீட்டுக்காரர். கடை மூடிய பிறகு கிடங்கு ஒன்றில் மூட்டை இறக்கப் போகிறார் என்று மைமூன் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மைமூன் அக்கா தினமும் சர்க்கரை போடாத காப்பியைப் போத்தலில் கொண்டுவந்தார். "கசக்குதுன்னு மூஞ்ச சுளிக்காத லா, மருந்துன்னு நெனச்சுக் குடி" என்பார்.

மயக்கம் தெளிந்தபோது முதலில் குமட்டியது. அடுத்தது தோள், நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது. அதற்கப்புறம்தான் பிடரி சில்லென்று இருப்பது உறைத்தது. இடது கையால் தடவினேன். முடி கழுத்தோடு நின்றது.

பக்கத்தில் சொர்ணம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

"சிக்கு புடிச்சுக் கிடந்துச்சு, நறுக்கி விட்டேன். பின்னிக்க முடியாதவளுக்கு எதுக்குடி அவ்வளவு முடி? இனிமே என் தம்பி சீப்பைத் தொட வேணாம் பாரு."

நானே வெட்டச் சொன்னதாக நர்ஸிடம் புளுகிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறாள். புருஷன் இருக்கிறவளின் முடியை! எங்கள் வீடுகளில் எந்த நேரத்தில் ஒரு பெண்ணின் முடியை எடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

"முடி எங்க அண்ணி?"

"குப்பையில போட்டேன். வேற என்ன செய்வாங்க?" ஒரு ஆரஞ்சுச் சுளையை என் வாயருகே நீட்டினாள்.

சாயங்காலம் அவர் வந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று என்னைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "முடி வளர்ந்துரும் பாக்கியம்" என்றார். அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சொர்ணத்தின் மேல் வந்த கோபத்தைவிட அந்த நேரத்தில் இவர் மேல் வந்ததுதான் அதிகம்.

கையை இழுத்துவிட்டதோடு வேலை முடியவில்லை. தினமும் அசைக்காவிட்டால் உறை மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதற்குத்தான் பிசியோதெரபி. மிஸ் லிம் சிவப்பு விளக்கு வைத்துத் தோளைச் சூடாக்குவார். கப்பியில் தொங்கும் கயிற்றின் இரு முனையையும் பிடித்து, நல்ல கையால் கெட்ட கையை மேலே இழுக்கச் சொல்வார். சுவரில் விரல்களை எறும்பு மாதிரி ஊர்ந்து ஏறச் சொல்வார். விரல் என் மூக்கு உயரத்துக்கு வந்ததும் உயிர் போகும். வலி வந்ததும் தசை தானாக இறுகும், இறுகினால் கை நின்றுவிடும். வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகும் நாள் தவறாமல் போனேன். விரல் மூக்கைத் தாண்டவில்லை.

நான் பென்சில் கேட்டு வாங்கிச் சுவரில் ஒரு கோடு போட்டேன். சொர்ணம் என்னைவிட ஒரு சாண் உயரம். அவள் கன்னம் இருக்கிற இடம் அது.

"இது என்ன?" என்று மிஸ் லிம் கேட்டார். எனக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது. எங்களுக்குப் பொதுவாக இருந்தது சந்தையில் பேசுகிற மலாய்தான்.

"இங்க ஒரு பொம்பளையோட கன்னம் இருக்கு. ஓங்கி ஒண்ணு விடணும்" என்றேன்.

மிஸ் லிம் என் தலையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். சிரிக்கவில்லை. சைனாடவுனில் தன் மாமா ஒரு சின்சே, அதாவது சீன வைத்தியர், வலிக்கு ஊசி போடுகிறார், போய்ப் பார்க்கிறாயா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். டாக்டர்களுக்குப் பிடிக்காதாம். சனிக்கிழமை மத்தியானம் தனக்கு விடுமுறை, தானும் அங்கே வருவதாகச் சொன்னார்.

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் அம்மன் கோயிலைத் தாண்டி ஒரு சந்து. மருந்து வேர் வாசனை அடிக்கிற கடை. அதன் பின்னறையில் ஒரு நாற்காலி. சின்சே ஒல்லியான மனிதர், பனியன் போட்டிருந்தார். முடியைவிடக் கொஞ்சம் தடிமனான ஊசிகள். தோளைச் சுற்றிச் சில, புறங்கையில் ஒன்று. பிறகு குனிந்து முழங்காலுக்குக் கீழே தடவ ஆரம்பித்தார்.

"தோள்தான் வலிக்குது, கால் இல்ல!" என்று கத்தினேன்.

தெரியும் என்று தலையாட்டிவிட்டுக் காலிலும் ஒன்றைக் குத்தினார். குத்தும்போது எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. உள்ளே போனதும் ஒரு கனம், ஒரு மதமதப்பு. அதுதான் சரியான இடம் என்பதற்கு அடையாளமாம். அதற்கப்புறம் ரேடியோ மாதிரி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார், பேட்டரியில் ஓடுவது. அதிலிருந்து வந்த கம்பிகளின் நுனியில் குட்டிக் கிளிப்புகள். அவற்றை ஊசிகளில் மாட்டினார். கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து, "கரண்டா? வேணாம் வேணாம், எந்திரி" என்று என் நல்ல கையைப் பிடித்துவிட்டார்.

"நீங்க சும்மா இருங்க. எல்லாத்துக்கும் சும்மா இருக்கிறவர்தானே" என்றேன். கையை விட்டுவிட்டார்.

சின்சே பெட்டியின் திருகைக் கொஞ்சம் திருப்பினார். தோளுக்குள் டக் டக் டக் என்று யாரோ விரலால் தட்டுகிற மாதிரி இருந்தது. தசை தானாகத் துள்ளியது. "சாக்கிட்?" என்றார். வலிக்கிறதா என்று அர்த்தம். இல்லை என்றேன். இன்னும் திருப்பினார். மறுபடி கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு இல்லை என்றேன். கரண்ட் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு சீக்கிரம் கை ஏறும், அவ்வளவு சீக்கிரம் அறையலாம் என்பது என் கணக்கு. மிஸ் லிம் என் நெற்றி வியர்வையைப் பார்த்துவிட்டுத் திருகைத் தானே குறைத்தார். "பொய் சொன்னால் தசை இறுகும். இறுகினால் உன் கோடு எட்டாது" என்றார். அதற்கப்புறம் உண்மையைச் சொன்னேன்.

ஊசியை எடுத்ததும் வலி போகவில்லை. ஆனால் பக்கத்து அறைக்குப் போன மாதிரித் தள்ளி நின்றது. "இப்ப! இப்ப!" என்று மிஸ் லிம் என்னை எழுப்பி மருந்துக்கடைச் சுவரருகே நிறுத்தினார். ஊசியும் கரண்டும் வலியை அடக்கத்தான், கையைத் தூக்கும் வேலை என்னுடையது. வலி திரும்பி வருவதற்குள் தூக்க வேண்டும். விரல்கள் ஊர்ந்தன. மூக்கைத் தாண்டி நெற்றிக்கு வந்தன. "போலே லா!" என்று சின்சே கை தட்டினார். முடியும் என்று அர்த்தம். ஏன் வலி குறைகிறது என்று மிஸ் லிம்மிடம் கேட்டேன். தெரியாது, சிலருக்குக் குறைகிறது, சிலருக்குக் குறைவதில்லை என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

வாராவாரம் போனோம். ஆஸ்பத்திரியில் கயிறும் சுவரும், சைனாடவுனில் ஊசி. சில வாரம் ஏறியது இறங்கிவிடும். அன்றைக்கெல்லாம் சொர்ணம் ஆரஞ்சு உரித்ததை நினைத்துக்கொள்வேன், இன்னும் ஒரு விரற்கடை ஏறும்.

மணியத்துக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதே வாரம் மைமூன் அக்கா மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"பாக்கியம், ஒங்க நாத்துனா சவுரி கட்டக் குடுத்திருக்கா. சவுரி கட்டுற பொம்பளையே எங்கிட்ட சொன்னா. இடுப்புக்குக் கீழ வர்ற முடியாம். நுனி செம்பட்டையாம்."

சொர்ணத்தின் சொந்த முடி எலி வால். குப்பையில் போட்டேன் என்றவள் என் முடியைத் தாளில் சுற்றிக் கொண்டுபோய் ஒட்டுப் பின்னலாக்கிக்கொண்டிருக்கிறாள்! எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுப் போட, மீதி முடிச்சுகளை அவன் அக்காதான் போடுவாள். ஊரே பார்க்க மணப்பெண்ணின் பின்னால் நிற்க வேண்டும். என் முடியை வைத்துக்கொண்டு நிற்கப் போகிறாள்.

அறைகிற எண்ணத்தை விட்டுவிட்டேன். அறைந்தால் ஒரு நாள் பேச்சு, அவ்வளவுதான். பின்னலைப் பிடித்து இழுத்தால் எனக்குத்தான் சண்டைக்காரி என்று பேர் வரும். பூவைச் சரி பண்ணுகிற மாதிரி, இரண்டு கையாலும் பொறுமையாகக் கொண்டை ஊசியை உருவி, கயிற்றை அவிழ்த்து, என் பொருளை நான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு கையும் அவள் தலை உயரத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். சுவரில் கோட்டை அழித்துவிட்டு இன்னும் மேலே போட்டேன். கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் என் விரல் அந்தக் கோட்டைத் தொட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இவருக்கும் தெரியாது.

கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. சொர்ணம் பட்டுச் சேலையில், இடுப்புக்குக் கீழே பின்னல் ஆட, மல்லிகையும் கனகாம்பரமும் வைத்துக்கொண்டு வந்து மணப்பெண்ணின் பின்னால் நின்றாள். முடிச்சுப் போட்டு முடிக்கும் வரை நான் அசையவில்லை. அந்தப் பெண் எனக்கு என்ன கெடுதல் செய்தாள்? மேளம் அடங்கியது. அட்சதை போட்டாயிற்று. நான் போய்ச் சொர்ணத்தின் பின்னால் நின்றேன்.

"அண்ணி, பூ சரிஞ்சிருக்கு. அசையாம இருங்க."

"பாத்து வையி" என்றாள்.

இரண்டு கையையும் தூக்கினேன். தோள் எரிந்தது. ஒரு ஊசி. இன்னொரு ஊசி. கயிற்றின் முடிச்சு. பூவோடு மொத்தமும் என் கையில் வந்துவிட்டது. தலை லேசானதும் சட்டென்று திரும்பினாள். பின்னால் இருந்த பெண்கள் அந்த எலி வாலைப் பார்த்துவிட்டார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அப்படி ஒரு குளிர்ச்சி நெஞ்சில்.

ஆனால் அவள் சொர்ணம். கண் முதலில் போனது, இன்னும் இறங்காத என் கைக்குத்தான்.

"பாத்தீங்களா! எல்லாரும் பாத்துக்குங்க! கை தலைக்கு மேல போகுது! இத்தனை நாளும் நடிச்சிருக்கா! என் தம்பிய ஏமாத்தியிருக்கா!"

இதை மட்டும் நான் யோசிக்கவில்லை. அவள் சொல்வதை நிரூபிக்கத்தான் இத்தனை ஊசி குத்திக்கொண்டேனா? "ஆமா, கை நல்லாத்தான இருக்கு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

"சரி அண்ணி, நடிப்புன்னே வச்சுக்குங்க. இது யாரு முடி? அதைச் சொல்லுங்க" என்றேன்.

"கடையில வாங்கினேன். முடியில பேரா எழுதியிருக்கு?"

எழுதியிருக்கவில்லை. மைமூன் அக்கா வாசல் பக்கம் நின்றார், அவர் வந்து சொன்னாலும் கேட்க மாட்டார்கள்.

ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். என் கையிலிருந்த பின்னலின் நுனியை எடுத்துப் பார்த்தார்.

"அக்கா, இது பாக்கியத்தோட முடி."

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"நான்தானே தினம் பின்னிவிட்டேன். இந்தச் செம்பட்டைய எனக்குத் தெரியாதா? கையத் தூக்க முடியாம அழுவா. அதைப் பாத்துட்டுத்தான் பின்னிவிட்டேன். அவ நடிக்கல."

கடை முதலாளி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார், கடை ஆட்கள் எல்லாரும் பக்கத்தில். அதில் ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். "அண்ணே, நீங்களா பின்னுவீங்க?" என்று கேட்டே விட்டான். சொர்ணம் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். அவளை அப்படிப் பார்க்க வேண்டும் என்றுதான் நான் அத்தனை மாதமும் சுவரில் ஏறினேன். அந்த நேரத்தில் நான் அவளைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் காது வரை சிவந்துபோயிருந்தது. சிரித்தவன் பக்கம் திரும்பி, மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஆமா, நான்தான் பின்னினேன்."